ஆறாம் அதிகாரம்: அசைபோட்டு வாசித்தல்

நன்னூலின் முகப்பிலே மாணாக்கரின் தராதரத்தை வகுக்கப் புகுந்த பவணந்தி முனிவர், அன்னத்தையும் ஆவையும் முதல்தரத்தாருக்கும், மண்ணையும் கிளியையும் இடைத்தரத்தாருக்கும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கையும் கடைத்தரத்தாருக்கும் உவமையாக நிறுத்தினார். இலக்கணம் கற்க வருவோரை மனத்திற்கொண்டு ஜைன முனிவர் ஒருவர் செய்த இந்தப் பாகுபாடு, வேதாகமத்தைக் கையிலெடுக்கும் கிறிஸ்தவ வாசகனுக்கும் அணுவளவும் பிசகாமல் பொருந்துகிறதென்பதை, பல ஆண்டுகள் வாசித்தும் மனம் வளராமலிருந்த ஒரு காலத்தில் அடியேன் கண்டுகொண்டேன். ஆகையால் குடும்ப ஜெபத்தைப்பற்றிச் சொன்ன சென்ற அதிகாரத்தைத் தொடர்ந்து, தனி வாசிப்பைப்பற்றிச் சொல்ல வந்த இவ்வதிகாரத்துக்கு அந்தப் பசுவையே வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறேன்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைப் பின்னுக்கு விட்டு, வெள்ளிமலையை நோக்கிக் கல்வராயன் மலைமேல் ஏறுகிறவர், காலையில் மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளை வழியிலே காண்பார். அவரே உச்சிப்பொழுதில் திரும்பி வந்தால், அதே மாடுகள் மர நிழலில் படுத்து, கண்ணை அரைவாசி மூடி, தின்றதை மறுபடியும் வாய்க்குக் கொண்டுவந்து மென்றுகொண்டிருப்பதையும் காண்பார். மேய்வது பாதி வேலை, அசைபோடுவது மறுபாதி. நம்மில் அநேகர் முதற்பாதியோடு எழுந்து போய்விடுகிறோம். இந்த அதிகாரம் மறுபாதிக்குரியது.

கடைத்தர வாசகர் நால்வர்

முதலில் நம்முடைய குற்றம் எதுவென்று அறிந்துகொள்வது நலம். ஞாயிறு ஆராதனையில் கேட்டது, பேருந்து நிலையத்தை எட்டுமுன்பே மறந்துபோகுமானால், நாம் ஓட்டைக் குடம். அதற்குப் பரிகாரம், ஆலயத்தைவிட்டு வெளியேறுமுன் ஒரு வாக்கியமாவது எழுதிக்கொள்வது. காலையில் கைபேசியைத் திறந்ததும், ஐந்து குழுக்களிலிருந்து வந்த ஐந்து வசனங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கடித்துவிட்டு ஆறாவதற்குத் தாவுவோமானால், செடிக்குச் செடி தாவும் ஆடு. அதற்குப் பரிகாரம், ஒரு புத்தகத்தைத் தொடங்கினால் அதன் கடைசி வசனம்வரை அதைவிட்டு அகலாதிருப்பது.

மூன்றாவது, எருமை. ஞானஸ்நானத்தைப்பற்றியும் ஓய்வுநாளைப்பற்றியும் கடைசிக் காலத்தைப்பற்றியும் அடுத்த சபைக்காரரோடு வாதாடி ஜெயிக்கும்பொருட்டு வாசிக்கிறவர், குளத்தில் இறங்கிக் கலக்கி, பிறகு தாமும் சேற்றையே குடிக்கிறார். அவர் ஒரு வருஷகாலம் வாதத்துக்கு உதவும் வசனங்களை ஒதுக்கிவைத்து, தம்மைக் குத்தும் வசனங்களை மாத்திரம் வாசிப்பாராக. நெய்யரி நால்வரிலும் நுட்பமான நோயாளி. நெய்யை ஒழுகவிட்டு, கசடைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் இயல்பு. பேதுரு மறுதலித்த கதையை வாசித்து, பேதுருவைப்போன்ற அண்டைவீட்டுக்காரரை நினைத்துக்கொள்கிறவர் இவ்வகுப்பினர். எந்தப் பகுதியை வாசித்தாலும், இதிலே எனக்குரியது யாது என்னும் ஒரு கேள்வியை முடிவில் கேட்டுக்கொள்ளும் பழக்கமே இவருக்கு மருந்து.

எந்த மொழிபெயர்ப்பை எடுப்பது

டென்மார்க் அரசனால் அனுப்பப்பட்ட சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையிலே அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். அப்படித் தொடங்கியவருடைய கையால் புதிய ஏற்பாடு முழுவதும் 1715இல் தமிழில் அச்சேறியது. வெளியூரிலிருந்து வந்த கல்விமான் ஒருவர், குழந்தைகளுக்கு நடுவே மாணவனாக உட்காரக் கூசவில்லை என்பதை, எல்லாம் தெரியுமென்ற எண்ணத்தோடு வேதத்தைத் திறக்கும் நாம் நினைவில் வைப்பது நன்று.

அவர் இறைவனைச் சர்வேசுரன் என்றெழுதினார். அவருக்குப் பின் சென்னையிலிருந்து மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார். 1871இல் வெளிவந்து இன்றும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பவர் திருத்தத்தில் அது தேவன் ஆயிற்று. 1936இல் வெளியான திருத்தத்தில் கடவுள் ஆயிற்று. அதற்குத் தலைமை வகித்த லார்சன், நம்முடைய இந்தத் தென்னார்க்காட்டு நிலத்தில் ஊழியம் செய்த டேனிஷ் மிஷனைச் சேர்ந்தவர். கத்தோலிக்கரும் பிறரும் கூடிச் செய்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பும் கடவுள் என்றே வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று உழைத்தவர், சைவத்தின் தூணாக விளங்கிய ஆறுமுக நாவலர் என்பதையும் மறக்கலாகாது. ஆக, நம் கையிலிருக்கும் இந்த ஒரு நூலுக்குள் மூன்று நூற்றாண்டுகளின் உழைப்பும், ஒருவரோடொருவர் உடன்படாத பலருடைய தமிழும் கலந்து கிடக்கின்றன.

இதிலிருந்து பெறும் நடைமுறை விதி இதுவே: உங்கள் சபையில் எது வாசிக்கப்படுகிறதோ அதையே தாய்ப்பிரதியாகக் கொள்ளுங்கள், காதுக்குப் பழகிய ஓசைதான் நெஞ்சில் தங்கும். மற்றொரு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து, பொருள் தடைப்படும் இடத்தில் மாத்திரம் அதைத் திறவுங்கள். ஒன்றிலே விசுவாசம் என்றிருப்பது மற்றொன்றிலே நம்பிக்கை என்றும், கிருபை என்றிருப்பது அருள் என்றும் வரக் காண்பீர்கள். பல ஆண்டுகளாக உச்சரித்து உச்சரித்துத் தேய்ந்துபோன ஒரு சொல், அன்றாடம் வீட்டிலே புழங்கும் வேறொரு சொல்லாக எதிரே வந்து நிற்கும்போது, அது நம்மை முதன்முறையாகக் கேள்வி கேட்கும். சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் ஆகிய நான்கு நாமங்களையும் நான்கு நாளைக்கு ஒவ்வொன்றாக வைத்து ஜெபித்துப் பாருங்கள். அதுவே ஒரு தியானமாகும்.

நேரமும் அளவும்

சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்திலே 66 புத்தகங்களும் 1189 அதிகாரங்களும் உள்ளன. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரம் வாசித்தால் ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம். வாழ்நாளில் ஒருமுறையேனும் அப்படிச் செய்வது நல்லது. நாட்டின் எல்லை தெரியவேண்டுமல்லவா? ஆனால் அது மேய்ச்சல். அசைபோடுவதற்கு எட்டுப் பத்து வசனங்களும், கால் மணி நேரமும் போதும்.

எந்தக் கால் மணி என்பதை அவரவர் பிழைப்பைப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும். கரும்பு வெட்டுக் காலத்தில் விடியுமுன் வயலுக்குப் போகிறவரிடம் அதிகாலை தியானத்தை வற்புறுத்துவது நியாயமன்று. அவர் இரவு மோட்டார் போட்டுவிட்டுப் பாய்ச்சலுக்குக் காத்திருக்கும் பொழுதே அவருடைய தேவாலயம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விடும் தாய்க்கு ஒன்பது மணி. எந்த நேரமாயினும் தினமும் அதே நேரமாகவும் அதே இடமாகவும் இருக்கட்டும். பழகிய தொழுவத்தில்தான் மாடு நிம்மதியாகப் படுக்கிறது. கைபேசியில் வேதம் வாசிப்பது குற்றமன்று. ஆனால் அந்தக் கால் மணிக்கு அதன் இணையத்தை அணைத்துவிடுங்கள்.

மார்ட்டின் லுத்தர், தம் நண்பரான பேத்தர் என்னும் நாவிதருக்கு 1535இல் ஜெபிக்கும் முறையைப்பற்றி ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார். சவரக்கத்தியைப் பிடித்தவன் கத்தியிலும் மயிரிலுமே கண்ணாயிருக்கவேண்டும், பேச்சிலே மனம்போனால் எதிரே இருப்பவர் மூக்குக்கு ஆபத்து என்று, நாவிதரின் தொழிலைக்கொண்டே அவருக்கு ஒருமுகப்பாட்டைப் போதித்தார். அவர் சொல்லிய முறையும் எளியது: ஒரு வாக்கியத்தை எடுத்து, அதை நான்கு இழைகளாகப் பிரித்து மாலையாக முறுக்குவது. இது எனக்கு எதைக் கற்பிக்கிறது, எதற்காக என்னை நன்றி சொல்ல வைக்கிறது, எந்தப் பாவத்தை ஒப்புக்கொள்ளச் செய்கிறது, எதைக் கேட்கத் தூண்டுகிறது என்பனவே அந்த நான்கு இழைகள். லுத்தருக்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, கார்த்தூசிய மடத்துத் துறவியாகிய இரண்டாம் குயிகோ, வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், மௌனமாகத் தரித்திருத்தல் என்ற நான்கு படிகளுள்ள ஏணியைக் காட்டியிருந்தார். கத்தோலிக்கர் ஏணியில் ஏறட்டும், லுத்தரன்கள் மாலை தொடுக்கட்டும். இரண்டும் அசைபோடும் வேலையே.

ஓர் உதாரணம்

மாற்கு 4ஆம் அதிகாரத்தின் விதைக்கிறவன் உவமையை எடுத்துக்கொள்வோம். இதைப் பலமுறை பிரசங்கித்தவன் அடியேன். வழியோரமாகவும் பாறைமேலும் முள்ளுக்குள்ளும் விழுந்த விதைகள் எந்தெந்த மனிதரைக் குறிக்கின்றனவென்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிவந்தேன். மலைமேல் சாமைக்கொல்லை ஒன்றின் ஓரத்தில் சிலரோடு அமர்ந்து இதையே வாசித்தபோது, விதைக்கிறவன் ஏன் இத்தனை கவலையற்றவனாயிருந்தான் என்று ஓர் இளைஞன் கேட்க, அருகிலிருந்த மூதாட்டி சிரித்துவிட்டார். “பாறை எது மண்ணு எதுன்னு பார்த்துப் பார்த்து வெதைக்கவா முடியும்? வீசுனா எல்லாத்து மேலயுந்தான் விழும். வெதைக்கு அஞ்சுறவன் வெள்ளாமை எடுக்க முடியுமா ஐயா?” என்றார்.

பாறையும் மண்ணும் பிரித்தறிய முடியாதபடி கலந்துகிடக்கும் சரிவிலே கைவீசி விதைத்துப் பழகியவருக்கு, அந்த உவமையின் நாயகன் நிலமல்ல, விதைக்கிறவனே என்பது வாசித்த மாத்திரத்தில் விளங்கிற்று. நான்கு இழையில் இதை முறுக்கினால்: கடவுள் கணக்குப் பார்க்காமல் வீசுகிறார் என்பது கற்கும் பாடம், நான் பாறையாயிருந்த நாளிலும் என்மேல் விதை விழுந்ததென்பது நன்றி, நானோ பலன் தரும் ஆள் எவரென்று பார்த்தே அன்பு காட்டினேன் என்பது அறிக்கை, வீசும் கையை எனக்குத் தாரும் என்பது ஜெபம். இந்த நான்கையும் ஒரு குறிப்பேட்டில் நான்கே வரியாக எழுதிவையுங்கள். அதற்குமேல் எழுதினால் அது பிரசங்கமாகிவிடும்.

குறிப்பேட்டின் எதிர்ப்பக்கத்தைப் பழமொழிக்கு ஒதுக்குங்கள். டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் யென்சன், 1897இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை வகைப்படுத்தி அச்சிட்டார். ஜனங்களின் வாயிலே என்ன ஞானம் இருக்கிறதென்று அறியாமல் அவர்களோடு பேசமுடியாதென்பதை அவர் உணர்ந்திருந்தார். வாசித்த வசனத்துக்கு இசைவாகவோ எதிராகவோ உங்கள் பாட்டி சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வந்தால் எழுதிவையுங்கள். எதிராக வருவதுதான் அதிகப் பயன் தரும்.

எழுத்தறியாதவரோடு வாசித்தல்

வாசிப்பு என்றதும் தனியே மௌனமாகப் புத்தகம் பார்ப்பதையே நினைக்கிறோம். நெகேமியாவின் 8ஆம் அதிகாரத்திலே எஸ்றா விடியற்காலமுதல் நண்பகல்வரை வாசிக்க, ஜனங்கள் நின்று கேட்டார்கள். அப்போஸ்தலருடைய நடபடிகளின் 8ஆம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் தனியே பயணம்போகையிலும் வாய்விட்டே வாசித்தபடியால்தான் பிலிப்புவின் காதில் விழுந்தது. ஆகவே கண்ணால் வாசிக்கத் தெரியாத மூத்தோரை வாசகர் கணக்கிலிருந்து தள்ளிவிடாதேயுங்கள். கீர்த்தனைகளை வரி பிசகாமல் நெஞ்சில் வைத்திருப்பவர்கள் அவர்களே.

அவர்களுக்கு வாசித்துக் காட்டும்போது, ஒரு பகுதியை மும்முறை நிதானமாக வாசியுங்கள். மூன்றாம் முறைக்குப்பின் கேட்டவர்களில் ஒருவர் அதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். அதன்பிறகே விளக்கம், அதுவும் கேட்டால். கல்வராயன் மலைக்கிராமங்கள் 1976வரை ஜாகீர்தார்களின் ஆட்சியிலிருந்தவை. கூலியில்லாமல் உழைத்த அந்நாட்களை அறிந்த முதியவர் ஒருவர், யாத்திராகமத்தின் முதல் அதிகாரங்களைக் கேட்டுவிட்டுச் சொல்லப்போகும் வார்த்தைக்கு, நாம் கற்ற வியாக்கியான நூல்கள் ஈடாகமாட்டா.

துணைநூல்கள்

1521இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் கால் முறிந்து வீட்டிலே படுத்திருந்த இஞ்ஞாசியார், பொழுதுபோக்குக்கு வீரசாகசக் கதைகள் கேட்டார். அவை வீட்டில் இல்லாமையால் கிறிஸ்துவின் சரித்திரமும் அடியார்களின் வரலாறும் கிடைத்தன. வீரக்கனவுகள் இனித்துப் பின் வறட்சியை விட்டுச்சென்றதையும், அடியார்களைப்பற்றிய எண்ணம் போனபின்னும் நிறைவு நின்றதையும் அவர் கூர்ந்து கவனித்தார். அவர் நிறுவிய சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார், முத்துக்குளித்துறை மக்களுக்காக அடியார் வரலாற்றை 1586இலேயே தமிழில் அச்சிட்டுத் தந்தார். எந்தத் துணைநூலையும் சோதிக்கும் அளவுகோல் இஞ்ஞாசியார் கண்டதே: மூடிவைத்த ஒருமணி நேரத்துக்குப்பின் வாயில் என்ன ருசி நிற்கிறது?

தமிழறிவு உள்ளவர்கள் வீரமாமுனிவரின் தேம்பாவணியையும், பனியனின் மோட்சப் பிரயாணத்தைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடி 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்ரிகத்தையும், நாளுக்கு ஐந்து செய்யுளாகப் படிக்கலாம். செய்யுள் கடினமென்போர் மோட்சப் பிரயாணத்தை உரைநடையில் படிக்கட்டும். ஆனால் துணைநூல் வேதவாசிப்பின் பாதி நேரத்துக்குமேல் போகலாகாது.

விளங்காத இடமும் துயர நாட்களும்

2024 ஜூனிலே கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே தெருவில் அடுத்தடுத்துச் சாவுப்பந்தல் விழுந்த அந்த நாட்களில், எந்த வசனத்தை வைத்து ஆறுதல் சொல்வதென்று ஊழியர் பலர் தடுமாறினர். அப்படிப்பட்ட வேளைக்கென்றே வேதத்தில் புலம்பலின் சங்கீதங்கள் உள்ளன. 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. 88ஆவதோ கடைசிவரையில் இருளிலேயே நின்று, ஆறுதலான ஒரு வரியும் இல்லாமல் முடிகிறது. அப்படி முடிகிற ஒரு ஜெபத்தையும் சபை தன் புத்தகத்திலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறதே, அதை யோசியுங்கள்.

ஆகையால் இழவு வீட்டில் காரணம் சொல்லாதேயுங்கள். இறந்தவனின் குற்றத்தைக் கணக்கிடாதேயுங்கள். அமர்ந்து 88ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டு மௌனமாயிருங்கள். தனி வாசிப்பிலும், விளங்காத இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதியிட்டு மேலே செல்லுங்கள். சில கேள்விகளுக்குப் பத்து வருஷம் கழித்து அதே பக்கத்தில் விடை கிடைத்ததுண்டு, கிடைக்காததும் உண்டு.

உரைகல்

வாசிப்பு உள்ளே இறங்கிற்றா என்று பார்க்க நம் நாட்டிலே ஓர் உரைகல் உண்டு. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடங்கொடுப்பதை ஏற்க மறுத்து அதிலிருந்து விலகி, கடலூர்ப் பக்கத்துப் பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தை நிறுவினார். டேனிஷ் மிஷன் இந்த வட்டாரத்தில் வேரூன்றியதும், பின்னர் ஆற்காடு லுத்தரன் திருச்சபை உருவானதும் அந்தத் தொடக்கத்திலிருந்தே. விலகியவரும் விலகாதவரும் ஒரே வேதாகமத்தைத்தான் வாசித்தார்கள் என்பதே இங்கே உறைக்கவேண்டிய செய்தி. அது பழங்கதையென்று ஒதுக்கவும் வழியில்லை: 2008 மார்ச்சில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூரில், ஒரே ஆலயத்தைச் சேர்ந்த மக்களுக்குள் சாதியின் நிமித்தம் மூண்ட கலவரத்தை அடக்கப் போலீசார் சுட்டதில் இருவர் இறந்தனர்.

இருபத்தெட்டு நாள் அப்பியாசம்

முதல் வாரம்: மலைகளுக்கு நேராகக் கண்ணை ஏறெடுக்கும் 121ஆம் சங்கீதம். வசனங்கள் எட்டு, நாளுக்கு ஒன்றாகவும் கடைசி நாளில் இரண்டாகவும் எடுத்து, வேலைக்கு நடுவே அதை அசைபோடுக.

இரண்டாம் வாரம்: ரூத்தின் புத்தகம். நாளுக்கொரு அதிகாரமாக நான்கு நாள். எஞ்சிய மூன்று நாளில் வீட்டாருக்குக் கதையாகச் சொல்லுக. அறுவடை வயலில் கதிர் பொறுக்க வந்த வேற்றுச் சாதிப் பெண்ணை அவ்வூர் எப்படி ஏற்றதென்று கவனிக்க.

மூன்றாம் வாரம்: மாற்கு 4இன் முதல் 20 வசனங்கள் மாத்திரம், ஏழு நாளும். தினமும் நான்கு வரிக் குறிப்பு. கூடுமானால் ஒருநாள் விளைநிலத்தில் அமர்ந்து வாசிக்க.

நான்காம் வாரம்: பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம். ஒரே அதிகாரம், 25 வசனங்கள். ஓடிப்போன ஒநேசிமு என்னும் அடிமையை, இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பவுல் அவன் எஜமானிடம் மன்றாடும் கடிதம் அது. பிலேமோன் அப்படி ஏற்றுக்கொண்டாரா என்பது அந்நிருபத்தில் இல்லை. ஏழு நாளும் வாசித்தாலும் கிடைக்காது. ஆகையால் இருபத்தெட்டாம் நாள், வேதாகமத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரிலே இதுவரை நீங்கள் உட்கார்ந்தறியாத ஒரு வீட்டுக்குப் போங்கள். அவர்கள் தரும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். பிறகு, அந்நிருபத்தை அவர்களை வாசிக்கச் சொல்லி நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.